கட்டப்போகும் கொண்டோ: வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

காலைப்பனி:
எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இனித்தான் கட்டப்போகும் ஒரு கொண்டோவில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) நானும் அம்மாவும் இருக்க வீடு வாங்குகிறோம். இரண்டு அறை, 640 சதுர அடி. கடந்த சனிக்கிழமை கையெழுத்து வைத்தோம். இரண்டாவது அறைக்கு யன்னல் கிடையாது, கண்ணாடித் தள்ளுகதவு மட்டும்தான். 560 சதுர அடியில் 'ஒன் பிளஸ் டென்' (ஒரு படுக்கை அறையும் 'டென்' என்னும் சின்னத் தடுப்பிடமும்) ஒன்றும் இருக்கிறது, விரும்பினால் மாறலாம் என்கிறார்கள். விற்பனை நிலையத்தில் இருந்த மாதிரி வீடு மிக வடிவு. கூரை வரை அலுமாரி, கல் மேசை, மரத்தரை. எங்களுக்கும் அப்படியே வருமா? எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

எக்ளின்ரன்:
வாடகைக்கு விடுவதென்றால் இரண்டு அறைதான் நல்லது. நீங்களே இருக்கப் போகிறீர்கள் என்றால் அம்மாவை யன்னல் இல்லாத அறையில் விடாதீர்கள். மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் இது.

உளியும்மட்டமும்:
தங்கச்சி, புதுக் கொண்டோக்களில் குசினி அலுமாரி பொருத்துவதுதான் என் வேலை. மாதிரி வீட்டில் பார்த்ததை எதிர்பார்த்துத் திறப்பு வாங்க வரும் ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 640. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அதை வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளப்பார்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் என்றால் அதன் நடுவிலிருந்து. வீட்டுக்குள் நிற்கும் தூணும் கணக்கில் சேரும். ஆகவே நீங்கள் கால் வைத்து நடக்கும் இடம் அதைவிடக் குறைவு. சதுர அடியை விட்டுவிட்டு ஒவ்வொரு அறையின் நீள அகலத்தைப் பாருங்கள். படத்தில் வரைந்திருக்கும் கட்டிலையும் சோபாவையும் நம்ப வேண்டாம். குயின் கட்டில் 60க்கு 80 அங்குலம். இப்போது இருக்கும் வீட்டுத் தரையில் டேப் ஒட்டி அறையை அளந்து, அதற்குள் உங்கள் கட்டிலை வைத்துப் பாருங்கள். கதவு திறக்க, அம்மா கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறதா?

அடுத்தது படத்தில் வராத விஷயம், பல்க்ஹெட். காற்றுக் குழாயை மறைக்கக் கூரையைப் பதித்துக் கட்டும் பெட்டி அது. '9 அடி உயரம்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, 'பல்க்ஹெட் உள்ள இடங்கள் நீங்கலாக' என்று சின்ன எழுத்தில் போடுவார்கள். அது பெரும்பாலும் வருவது குசினிக்கும் குளியலறைக்கும் மேலேதான். மாதிரி வீட்டில் கூரையைத் தொடும் மேல் அலுமாரி உங்கள் வீட்டில் கட்டையாகிவிடலாம். படத்தில் எழுத்து எதுவும் இல்லாத சின்னப் பெட்டி தெரிந்தால் அது தூணா, சூடும் குளிரும் விடும் இயந்திரமா என்று கேளுங்கள். உங்கள் வீடு வரும் மாடி முழுவதன் படத்தையும் வாங்கிப் பாருங்கள். படுக்கை அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்டோ குப்பைக் குழாயோ இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

குசினிக்கு வருவோம். சிங்க்குக்கும் அடுப்புக்கும் இடையில் எவ்வளவு மேசை இருக்கிறது? இரண்டு அடிகூட இல்லாவிட்டால் அம்மா வெங்காயம் வெட்டும் பலகையை எங்கே வைப்பார்? புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். திறந்த குசினி, பக்கத்திலேயே சோபா. மீன் பொரித்தால் மணம் திரைச்சீலையில் ஏறிவிடும்.

மாதிரி வீட்டில் பாதி மேலதிகக் காசுக்கு வருவது. எது அடிப்படை விலைக்குள் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது ஒப்பந்தத்தின் பின்னால் இருக்கும் பட்டியல் மட்டும்தான். அதில் 'நவீன', 'தரமான' என்று இருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை. கல் மேசை 2 சென்ரிமீற்றரா 3 ஆ, தரை லாமினேட்டா இஞ்சினியர்ட் மரமா, அலுமாரிப் பெட்டி ப்ளைவுட்டா தூள்பலகையா என்று கேளுங்கள்.

மேலதிகமாகச் செலவழிப்பதென்றால் பிறகு செய்ய முடியாததற்குச் செலவழியுங்கள். மேலே கொங்கிறீட், அதனால் கூரையில் விளக்குப் புள்ளியைப் பிறகு வைப்பது பெரிய பாடு. கூடுதல் பிளக், குளியலறைச் சுவருக்குள் அம்மாவுக்குக் கைபிடி பொருத்தப் பலகை, இவற்றை இப்போதே கேளுங்கள். குழாய், அலுமாரிக் கைபிடி, விளக்குக் கூடு எல்லாம் பிறகு மாற்றலாம்.

கோப்புக்காரி:
நான் லோயர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலைப்பனி, கட்டுபவரிடம் நேரே வாங்கும் புதுக் கொண்டோ ஒப்பந்தத்திலிருந்து விலக ஒன்ராறியோவில் 10 நாள் அவகாசம் உண்டு. சனி ஞாயிறும் அதில் சேரும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வெளிப்படுத்தல் அறிக்கை (கட்டடத்தைப் பற்றிய விபரங்களைக் கட்டுபவர் எழுதித் தருவது), 2021இலிருந்து கொடுக்கும் வாங்குபவர் வழிகாட்டி, இந்த மூன்றில் எது கடைசியாகக் கைக்கு வந்ததோ அங்கிருந்து கணக்கு. விலகுவதென்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டுபவரின் உரிமத்தை, அந்த உரிமங்களைக் கொடுக்கும் எச்.சி.ஆர்.ஏ. அமைப்பின் இணையத்தளத்தில் பாருங்கள். 'இணையான பொருளை மாற்றலாம்' என்ற வரி ஒப்பந்தத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று லோயரிடம் கேளுங்கள். அந்த வரி அனுமதிக்காத மாற்றம் என்றால் புது வீடுகளுக்குள்ள டாரியன் உத்தரவாதத்தின் முதல் வருடத்தில் முறையிடலாம்.

காலைப்பனி:
அண்ணை, அக்கா, மிக்க நன்றி. நாளைக்கே லோயரைப் பார்க்கிறோம். பல்க்ஹெட் எங்கே வருகிறது என்று கேட்டேன், வரைபடம் இன்னும் தயாரில்லையாம். டென்னுக்கு மாறுவதா என்றும் குழப்பமாக இருக்கிறது.

உளியும்மட்டமும்:
வரைபடம் தயாரில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். குசினியில் கூரையின் ஆகக் குறைந்த உயரம் எவ்வளவு என்று லோயர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கட்டையான மேல் அலுமாரி என்றே வைத்துச் சாமான்களை எண்ணிப் பாருங்கள்.

டென்னுக்கு மாறாதீர்கள். அதற்குக் கதவு வருவது நிச்சயமில்லை, வந்தாலும் கட்டில் போட்டால் மேசைக்கு இடம் இராது. யன்னல் அறை அம்மாவுக்கு, கண்ணாடிக்கதவு அறை உங்களுக்கு. அந்தக் கதவுக்கு மேலே சுவர் கூரை வரை போகிறதா, கண்ணாடி தெளிவா மங்கலா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். காலையில் அம்மா தேநீர் போடும் சத்தம் அதால்தான் வரும்.