வண்டியில் பொருத்த வயர்லெஸ் செட்: 25 வாட் போதுமா, 50 வாட் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கைப்பேசி சிக்னல் எட்டாத மலைப்பாதைகளில் மூன்று நான்கு ஜீப்புகளாகச் சேர்ந்து செல்வது எங்கள் வழக்கம். ஓட்டுநர்கள் அனைவரும் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்கள். இப்போது ஆளுக்கொரு 5 வாட் வாக்கி டாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டு வளைவு தாண்டியதும் பேச்சு அறுந்துபோகிறது. ஆகவே வண்டியிலேயே நிலையாகப் பொருத்தும் செட் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 25 வாட் போதுமா அல்லது 50 வாட்டுக்குப் போக வேண்டுமா, ஒரே பேண்டு (அதிர்வெண் வரம்பு) போதுமா அல்லது விஎச்எஃப், அதைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட யுஎச்எஃப் இரண்டும் உள்ளதை வாங்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வாட் கணக்கைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஆன்டெனாவிலிருந்து தொடங்குங்கள். வண்டிக்குள் அமர்ந்து வாக்கி டாக்கியில் பேசும்போது, ஏற்கெனவே திறன் குறைந்த அந்தக் குட்டை ரப்பர் ஆன்டெனா இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. கண்ணாடி வழியாக வெளியேறுவது மட்டுமே அடுத்த வண்டிக்குப் போய்ச் சேர்கிறது. அதே வாக்கி டாக்கியைக் கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவோடு இணைத்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு உயர்வது 10 டெசிபெல் (சக்தியை ஒப்பிடும் அளவு) ஆகும். சிக்னல் மீட்டரின் ஓர் அலகு 6 டெசிபெல் என்பதால், எதிர்முனையில் இரண்டு அலகுகூட முழுதாக ஏறாது. 25 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே இருப்பதோ வெறும் 3 டெசிபெல். அதோடு, கூடுதல் வாட் நீங்கள் பேசுவதற்கு மட்டுமே துணைநிற்கும். நல்ல ஆன்டெனா பேசுவதற்கும் கேட்பதற்கும் சேர்த்தே பயன்படும். எனவே பணத்தை முதலில் ஆன்டெனாவுக்கும் நல்ல கேபிளுக்கும் ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

விஎச்எஃப் பேண்டில் வரும் 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனா ஏறத்தாழ 50 சென்டிமீட்டர்தான். அதற்குக் கூரையின் நடுப்பகுதியே மிகச் சிறந்த இடம். ஏனெனில் கீழே பரந்திருக்கும் இரும்புத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. பம்பரில் பொருத்தினால் வண்டியின் உடலே ஒரு பக்கத்தை மறைத்துவிடும். பொருத்தியபின் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) வைத்துக் கட்டாயம் அளந்து பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 3-ஐத் தொட்டால் அனுப்பும் சக்தியில் கால்பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். அந்நிலையில் தொடர்ந்து பேசினால் செட்டின் வெளியீட்டுப் பகுதிக்கு ஆபத்து.

இரண்டாம் பதில்

மேலே நண்பர் சொன்னது சரியே. பேண்டைப் பொறுத்தவரை, மரங்கள் அடர்ந்த சரிவுகளில் வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேச விஎச்எஃப் நன்றாகக் கைகொடுக்கும். இலைதழைகள் யுஎச்எஃப் அலைகளைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நீங்கள் செல்லும் வழிகளில் யுஎச்எஃப் ரிப்பீட்டர்கள் (சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் நிலையங்கள்) இருந்தால் இரட்டை பேண்டு செட்டே நல்லது. அப்படி வாங்கும்போது, இரண்டு அலைவரிசைகளை ஒரே நேரத்தில் கேட்கக்கூடியதா, மாறி மாறி மட்டும் கேட்பதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கலாம். ஓடும் வண்டியில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கூரையில் துளையிடத் தயக்கமாக இருக்கிறது. காந்த அடித்தளம் போதுமா? சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளலாமா?

மூன்றாம் பதில்

காந்தம் போதும், கூரை இரும்பாக இருக்கும் பட்சத்தில். அலுமினியத்திலும் ஃபைபரிலும் அது ஒட்டாது. தூசி படிந்த கூரையில் வைத்தால் பெயின்ட் கீறும் என்பதால் துடைத்துவிட்டு வையுங்கள். கேபிளைக் கதவிடுக்கில் கொண்டுவரும்போது மிகுந்த கவனம் தேவை: கதவு அடித்து அடித்து நசுங்கிய இடத்தில் வெளியுறை வெடித்து, மழைநீர் இறங்கி, உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் களிம்பேறிவிடும். வெளியே பார்த்தால் சிறு பள்ளம்தான் தெரியும்.

சாக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். அந்தச் சாக்கெட்டின் மெல்லிய கம்பி சூடாகும், மின்னழுத்தமும் சரியும். பாசிட்டிவ் கம்பியை நேரே பேட்டரியிலிருந்து தடித்த கம்பியாக எடுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். இல்லையேல் வழியில் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும். அவற்றில் நெகட்டிவ் கம்பியை அந்த முனையில் பூட்டாமல் பாடியின் எர்த் புள்ளியில் பூட்ட வேண்டும்.

முகப்பைத் தனியே கழற்றிப் பொருத்தும் வசதியுள்ள செட் கிடைத்தால் பெட்டியை இருக்கைக்கு அடியில், காற்றோட்டம் இருக்குமாறு வைக்கலாம். முகப்பும் மைக்கும் ஏர்பேக் விரியும் பாதையில் இல்லாதபடி இடம் தேர்ந்தெடுங்கள்.