ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, பட்டா ஸ்பிரிங் அடித்தும் சரியாகவில்லை

அஸ்தம்பட்டி ஹெரால்டு:
வணக்கம். அப்பா வைத்திருந்த இரண்டு கதவு ஹெரால்டு, சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. பின்னால் நின்று பார்த்தால் இடது பக்கம் தாழ்ந்து தெரிகிறது. டயருக்கு மேலே இருக்கும் வளைவின் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தேன். பின்பக்கம் இடது 28 மி.மீ. குறைவு, முன்பக்கம் 2 மி.மீ.தான் வித்தியாசம். சரி, பின் பட்டாதான் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) படுத்துவிட்டது என்று கழற்றிக்கொண்டுபோய் வளைவு அடித்து வாங்கி மாட்டினேன். பின்பக்கம் முழுக்கத் தூக்கிக்கொண்டது, சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. போன வருஷம் பெயிண்ட் அடித்தபோது பானெட்டைக் கழற்றி மாட்டினார்கள், மற்றபடி வேறு எதிலும் கை வைக்கவில்லை. அம்மாவை இந்த வண்டியில் ஒருமுறை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பட்டாவைத் திரும்பவும் கழற்றலாமா?

சங்ககிரி பட்டறை:
கழற்றாதீங்க தம்பி. லாரி மாதிரி பக்கத்துக்கு ஒரு பட்டாக் கட்டு இதில் கிடையாது. பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் மேலே குறுக்காக ஒரே கட்டு, அதன் இரண்டு நுனியும் இரண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. வளைவு அடித்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி, சாய்வு மட்டும் மாறவில்லை என்றால் குற்றம் வேறு எங்கோ இருக்கிறது. நீங்கள் அளந்த இடத்தையே நான் நம்ப மாட்டேன். ஹெரால்டில் முன் மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டு, முன்னால் கீல் வைத்து அப்படியே கவிழ்வது. கீல் போல்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். பெயிண்டர் கதவு இடைவெளி பார்த்துப் பானெட்டை இடது பக்கம் உயர்த்தியிருந்தால், முன்பக்கச் சாய்வு உங்கள் டேப்பில் தெரியவே தெரியாது. பாடியும் அடிச்சட்டமான சேசிஸ் மேல் பேக்கிங் வைத்து போல்ட் போட்டதுதான். அதனால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகரில் அளந்து பாருங்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதற்கு முன்பு நாலு டயரிலும் காற்று சரிபாருங்கள். தரையையும் கொத்தனார் டியூப் மட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள், நம் ஊர் கார் ஷெட்டில் தண்ணீர் ஓடுவதற்கென்று வாட்டம் வைத்தே தளம் போடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி ஹெரால்டு:
அளந்தேன் அண்ணா. ஷெட்டிலேயே 9 மி.மீ. வாட்டம்! வண்டியைத் தெருவில் மட்டமான இடத்துக்குத் தள்ளி அளந்தேன். முன் அவுட்ரிகரில் இடது 22 மி.மீ. குறைவு, பின்னால் 21.

ஏற்காடு தோட்டம்:
இரண்டும் ஒன்று போல வருகிறது என்றால் சேசிஸ் முறுக்கவில்லை, மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது. எந்த முனை சாய்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ட்ராலி ஜாக் வைத்து, முன் டயர்கள் தரையை விட்டு லேசாக எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது வண்டி நடுவில் ஒரு புள்ளியில்தான் நிற்கிறது, முன் ஸ்பிரிங்குகளால் அதைச் சாய்க்க முடியாது. பின் அவுட்ரிகரில் அளங்கள். சாய்வு போய்விட்டால் குற்றம் முன்னால், அப்படியே இருந்தால் பின்னால். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

இன்னொன்று, உண்மையில் எனக்கு இதுதான் பெரிய கவலை. பின்னால் தூக்கிக்கொண்டது என்கிறீர்களே, இது ஸ்விங் ஆக்சில் வண்டி, பின் சக்கரம் ஒவ்வொன்றும் தன் ஆக்சிலோடு சேர்ந்து நடுவிலிருந்து மேலும் கீழும் ஆடும். பின்பக்கம் உயர்ந்தால் இரண்டு சக்கரத்தின் அடியும் உள்ளே ஒடுங்கும். கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, பின்பக்கம் வழுக்கிப் போகும். இங்கே 20 வளைவு இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் அம்மாவை ஏற்ற வேண்டாம்.

அஸ்தம்பட்டி ஹெரால்டு:
நடுவில் தூக்கியதும் பின் வித்தியாசம் 3 மி.மீ.தான்! முன்னாலேதான் இருக்கிறது. டார்ச் அடித்து இடது காயில் ஸ்பிரிங்கின் அடிச்சேற்றைச் சுரண்டினால், கடைசிச் சுற்றில் முக்கால் பாகம் உடைந்து ஷாக் அப்சார்பர் தட்டிலேயே கிடக்கிறது. சேறு மூடி ஒன்றுமே தெரியவில்லை.

சங்ககிரி பட்டறை:
இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள், புதுசு இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். கழற்ற, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஸர் கட்டாயம், இறுக்கி வைத்த காயில் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் ரப்பர் புஷ் நட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்று, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி வண்டி அமர்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் திருகிக்கொண்டு அதுவே ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். பட்டாவை அந்த ஆளிடமே கொண்டுபோய் வளைவைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் பின் சக்கரங்கள் நிமிர்ந்தோ, மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும்.

ஏற்காடு தோட்டம்:
முன்பக்கம் பிரித்திருக்கும்போதே கீழ் ட்ரனியனையும் (முன் சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடி மூட்டு) பாருங்கள். அதற்கு கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில்தான்.

அஸ்தம்பட்டி ஹெரால்டு:
இரண்டு காயிலும் மாற்றி, பட்டா வளைவும் குறைத்தாயிற்று. உருட்டிவிட்டு அளந்ததில் முன்னால் 4 மி.மீ., பின்னால் 3. பானெட் இப்போது இடது பக்கம் தூக்கலாகத் தெரிகிறது, கீலை இறக்க வேண்டும். ட்ரனியனில் கிரீஸ்தான் இருந்தது, கழுவி ஆயில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் முதலில் மெதுவாக ஏறிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு அடுத்த வாரம்.