‘சர்க்கரை 0’ன்னு போட்ட சாக்லேட்டு சாப்பிட்டு சுகர் ஏறிடுச்சு: சுகர் ஆல்கஹாலை பேலியோவுல சேர்த்துக்கலாமா?

மஞ்சக்குப்பம் அக்கா:
பேலியோ, அதாவது தானியமும் சர்க்கரையும் இல்லாத சாப்பாடு, ஆரம்பிச்சு ஏழு மாசம். 11 கிலோ குறைஞ்சிருக்கு, சுகர் மாத்திரையை டாக்டர் பாதியாக்கிட்டார். போன ஞாயித்துக்கிழமை பாண்டி போனப்ப நேரு வீதியில ஒரு கடையில ‘சர்க்கரை சேர்க்காதது’ன்னு போட்ட சாக்லேட்டு வாங்கினேன். 80 கிராம். அட்டையில சர்க்கரை 0, நெட் கார்ப் (சர்க்கரையை ஏத்தாததுன்னு சொல்றதைக் கழிச்சு மிச்சமுள்ள மாவுச்சத்து) 6 கிராம்னு பெரிய எழுத்து. மறுநாள் சாயங்காலம் முழுசையும் தின்னுட்டேன். முன்னாடி குத்திப் பாத்தது 104. ஒரு மணி நேரம் கழிச்சு 149! ஏழரை மணிக்கு வயித்தை உருட்ட ஆரம்பிச்சது, பத்து மணிக்குள்ள மூணு தடவை போயிட்டேன். அப்புறம்தான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிச்சேன்: பாலியோல், அதாவது சர்க்கரைக்குப் பதிலா போடற சுகர் ஆல்கஹால், 32 கிராம், இனிப்பூட்டி 965. அதுதான் மால்டிடாலாம். என்னைக் கேட்டா இந்த சுகர் ஆல்கஹால் எதுவுமே நமக்கு வேணாம்.

லாஸ்பேட்டை தம்பி:
அக்கா, மால்டிடால் செஞ்ச தப்புக்கு இன்னொரு சுகர் ஆல்கஹாலான எரித்ரிட்டாலுக்கு ஏன் தண்டனை? மால்டிடால் கிராமுக்கு 2.1 கலோரி, கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏத்தும்ங்கற அளவு, 35 பக்கம். சர்க்கரையே 65தான். பாதிக்கு மேல இருக்கறதை 0ன்னு கணக்கு வெச்சா மீட்டர் காட்டிக் கொடுக்கத்தான் செய்யும். எரித்ரிட்டால் கிராமுக்கு 0.2 கலோரி. சுமார் 90 சதவீதம் சிறுகுடல்லயே ரத்தத்துக்குப் போய், உடைபடாம சிறுநீர்ல வெளியேறிடும். ஒண்ணரை வருசமா காலையில காபிக்கு ஒரு ஸ்பூன் போடறேன். நேத்துகூட முன்னாடி 98, ஒரு மணி நேரம் கழிச்சு 101. இது இல்லன்னா மூணாவது மாசமே ஜாங்கிரிக்குத் திரும்பியிருப்பேன், சத்தியமா.

முதுநகர்க்காரன்:
தம்பி, மீட்டர் காட்டறது ரத்தச் சர்க்கரையை மட்டும்தான். ஒண்ணரை வருசம் ஆகியும் காபிக்கு இனிப்பு வேணும்னா நாக்கு இன்னும் பழைய இடத்துலதான் நிக்குது. எனக்கு முதல் மூணு வாரம் நரகமா இருந்துச்சு. அப்புறம் தேங்காய்ப் பத்தையே இனிச்சது. துறைமுகத்துல காலையில வர்ற சங்கரா, முட்டை, நெய், கீரை, இதுக்கு மேல என்ன வேணும்? இன்னொண்ணு. 2023ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, ரத்தத்துல எரித்ரிட்டால் அதிகமா இருந்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம்னு வந்துச்சு. 30 கிராம் எரித்ரிட்டால் குடிச்ச எட்டு பேருக்கு ரெண்டு நாளைக்கு மேலயும் ரத்தத்துல அதோட அளவு உயர்ந்தே இருந்துச்சு. நீங்க டாக்டர் கிட்ட கேட்டீங்களா?

லாஸ்பேட்டை தம்பி:
படிச்சேன் அண்ணே. எரித்ரிட்டாலை நம்ம உடம்பே குளுக்கோஸ்லேருந்து கொஞ்சம் தயாரிக்குது. அந்த ஆய்வுல பெரும்பாலும் ஏற்கெனவே இதய ஆபத்து உள்ளவங்க. ரத்தத்துல இருந்தது வெளியேருந்து வந்ததா, உடம்பே செஞ்சதான்னு அதுல பிரிச்சுப் பாக்கல. அது காரணம்னு அதை வெச்சு சொல்ல முடியாது. ஆனா ரத்தத்தை உறைய வைக்கற ரத்தத் தட்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறதையும் காட்டியிருக்காங்க, அதை நான் ஒதுக்கல. அதனாலதான் ஒரு ஸ்பூனோட நிறுத்திக்கறேன். கேக்கு, ஐஸ்க்ரீம்னு தினம் 30 கிராம் போறவங்களுக்கு நானும் வேணாம்னுதான் சொல்லுவேன்.

வில்லியனூர் மருந்துக்கடை:
அக்கா, நீங்க எழுதினதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த மாத்திரை மெட்ஃபார்மினா? அதுவே சிலருக்கு வயித்தைக் கலக்கும், மால்டிடாலும் சேர்ந்தா கேக்கவே வேணாம். உள்ள நடக்கறது இதுதான்: மால்டிடால் குடல்ல குளுக்கோஸாவும் சார்பிட்டாலாவும் உடையும். அந்த குளுக்கோஸ்தான் உங்க 149க்குப் பெரிய காரணம். மீதி மெதுவாத்தான் உறிஞ்சப்படும். உறிஞ்சாதது தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும், அதான் பேதி. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், அதான் உருட்டலும் காத்தும். மலச்சிக்கலுக்கே சார்பிட்டால் கொடுக்கறது உண்டு.

கடைக்கு வர்ற பெரியவங்க ஆல்கஹால்ங்கற பேரைப் பாத்து பயப்படறாங்க. அது வேதியியல் பேரு, போதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா வீட்டுல நாய் இருந்தா 967, அதாவது சைலிட்டால், அதுக்கு எட்டாத உயரத்துல இருக்கணும். கொஞ்சம் தின்னாலே நாய்க்கு இன்சுலின் பொங்கி சர்க்கரை அடியோட இறங்கிடும், உயிருக்கே ஆபத்து.

மஞ்சக்குப்பம் அக்கா:
மெட்ஃபார்மின்தான் தம்பி. சாப்பிட்டு ஏழு மாசமா வயிறு ஒழுங்கா இருந்துச்சு, அந்த ஒரு ராத்திரிதான் இப்படி. கணக்கையும் மறுபடி போட்டேன். மால்டிடால் சர்க்கரையில பாதி அளவு ஏத்தும்னு வெச்சா, 32ல பாதி 16, அட்டையில போட்ட 6, மொத்தம் 22 கிராம் மாவுச்சத்து. நம்ம ஒரு நாள் அளவே 40. என்னோட கோபம் அட்டை மேலதான். நெட் கார்ப்னு போடறவன் மால்டிடாலை முழுசா கழிச்சிருக்கான், சுகர் உள்ளவன்தான் அதை நம்பி வாங்கறான்.

எரித்ரிட்டால் பத்தி தம்பி சொன்னதை ஒரு தடவை சோதிச்சுப் பாக்கறேன். ஆனா எங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, அவருக்கு மட்டும் கொடுக்க மாட்டேன்.

முதுநகர்க்காரன்:
அப்பாவுக்கு வேணாம்னு உங்களுக்கே தோணுதுல்ல, அப்ப உங்களுக்கு மட்டும் எதுக்கு அக்கா?

லாஸ்பேட்டை தம்பி:
ஒரு ஸ்பூனுக்கும் 80 கிராம் பாருக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணே. அக்கா, வாங்கும்போது 968, அதாவது எரித்ரிட்டால், மட்டும்தான் இருக்கான்னு பாருங்க. சில இனிப்புப் பொடியில மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கற மாவுச்சத்துப் பொடியைக் கலந்திருப்பாங்க, அது சர்க்கரையை விட வேகமா ஏத்தும். வெறும் வயித்துல, பால் இல்லாத காபியில 5 கிராம் போட்டு, அரை மணி, ஒரு மணி, ரெண்டு மணின்னு மூணு தடவை குத்திப் பாருங்க. ஸ்ட்ரிப் செலவு ஆகும், ஆனா இந்த இழையில உங்க நம்பர் இருந்தா எனக்கே உதவியா இருக்கும்.

மஞ்சக்குப்பம் அக்கா:
சனிக்கிழமை பாக்கறேன். அலமாரியைக் கிளறினப்ப பொண்ணு வாங்கி வெச்ச சுகர் ஃப்ரீ பிஸ்கட்டு கிடைச்சது: 965, கூடவே மைதா. அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.