மூலிகை வருமானம்: வேரை நம்பலாமா?

கேள்வி: காட்டு மூலிகைகளைச் சேகரித்து விற்கும் குடும்பங்களுக்கு, வேருக்காகத் தோண்டப்படும் சர்ப்பகந்தா நிலையான வருமானம் தருமா?

மறுமொழி 1: வேரைத் தோண்டினால் செடியே அழிவதால், காட்டிலிருந்து எடுப்பது நீடிக்காது. மரபு வைத்தியத்தில் பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் பயன்பட்ட அவ்வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்த மருந்தாகப் புகழ்பெற்றபின் தேவை பெருகிச் செடி அருகியது. இன்று அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

மறுமொழி 2: பயிரிடலாம், ஆனால் வேர் முதிர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாவது ஆகும். அதுவரை காத்திருக்க இயலாத சிறு விவசாயிக்கு, சில மாதங்களில் அறுவடைக்கு வரும் நிலவேம்பே ஏற்றது என்பது என் கருத்து.

மறுமொழி 3: உடன்படுகிறேன். ஆனால் நிலவேம்பை நிழலில் நன்கு உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து விலை விழுந்துவிடும் (பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்). வாங்குபவரையும் விதைப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.