மறு: "ரொக்க வாடிக்கையாளர்" வேண்டாம், "உதிரி" என்று வைப்போமா?

வணக்கம்.

கடைக்கு வந்து பெயர் பதியாமல் உடன் காசுக்கு வாங்குகிறவர்களின் விற்பனையைக் கணக்கு மென்பொருளில் "cash customer" என்ற கணக்கில் போடுவார்கள். அதற்குத் தமிழாகப் போன மடலில் நம் குழுத் தம்பி ஒருவர் "ரொக்க வாடிக்கையாளர்" என்ற சொல்லை முன்வைத்திருந்தார். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று மூன்று இடத்தில் கட்டடப் பொருட்கடை நடத்தும் எங்கள் முதலாளிக்கு இப்போது கணக்கு மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல் வரும் திரையைத்தான் கடைப்பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரொக்கமா காசா என்பது பெரிய சிக்கல் இல்லை. இங்கே இலங்கையில் கணக்கீட்டுப் பாடத்தில் காசேடு, சில்லறைக் காசேடு, காசுப் பாய்ச்சல் கூற்று என்று படித்தோம். தமிழ்நாட்டில் ரொக்க ஏடு என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள்.

சிக்கல் "வாடிக்கையாளர்" என்பதில்தான். வாடிக்கை என்றால் வழக்கம். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிற ஒருவர் மாங்குளத்தில் இறங்கி ஒரு தண்ணீர்க் குழாயும் இரண்டு ஆணிப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போகிறார். பெயரும் கேட்பதில்லை. அவருக்கு எங்களிடம் என்ன வாடிக்கை? பரந்தனில் வயல் செய்கிற ஐயா ஒருவர் பல வருடமாக எங்களிடம்தான் வாங்குகிறார். காலபோக நெல் வெட்டும்வரை கொப்பியில் கடன். நெல் விற்றதும் மாசி, பங்குனியில் காசுக்கே வாங்குவார். அப்போது மட்டும் அவர் பெயர் இல்லாதவராகிவிடுவாரா? காசா கடனா என்பது கொடுக்கும் விதம். பெயர் தெரியுமா தெரியாதா என்பது ஆளைப் பற்றியது. "cash customer" என்ற ஆங்கிலச் சொல் இரண்டையும் போட்டுக் குழைத்து வைத்திருக்கிறது.

இதனால் வந்த வினையைச் சொல்கிறேன். முதலில் மூன்று கடைக்கும் சேர்த்து "காசு வாடிக்கையாளர்" என்று ஒரே கணக்குத்தான் வைத்திருந்தோம். அந்த ஐயா கிளிநொச்சிக் கடையில் பழைய கடனுக்கு 40,000 ரூபாய் கட்டினார். புதிதாய் வந்த தங்கச்சி அதை அந்தக் கணக்கில் விற்பனையாகப் பதிந்துவிட்டா. லாச்சியில் காசு சரியாக இருந்ததால் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் சாமான் போகாமலே விற்பனை கூடியிருந்தது, ஐயாவின் கடனும் அப்படியே நின்றது. கடனைக் கட்டி முடித்த மனிதரிடம் மறுபடி கடன் கேட்டு ஆள் அனுப்பிவிட்டோம். மூன்று கடை பில்லும் ஒரே இடத்தில் கலந்து கிடந்ததால் பிழையைப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. "காசு தந்தவர், எங்கட வாடிக்கையாளர்தானே அண்ணா?" என்று அந்தப் பிள்ளை கேட்டா. பிழை அவவில் இல்லை, நாங்கள் வைத்த சொல்லில்.

இப்போது கடைக்கொரு கணக்காகப் பிரித்து, பில் இலக்கத்துக்கு முன்னால் கடைக் குறியீடும் வைத்தாயிற்று. மாங்குளத்தில் வாங்கியதைக் கிளிநொச்சியில் திருப்பிக் கொடுத்தாலும் எந்தக் கடை விற்பனையில் கழிப்பது என்று உடனே தெரிகிறது. கடன் அறவீட்டுக்குத் தனித் திரை.

அந்தக் கணக்குகளுக்குத்தான் பெயர் வேண்டும். "உடன்காசாளர்" காசாளரோடு மோதுகிறது. "பெயரிலிக் கணக்கு" என்றால் பினாமிக் கணக்குப்போல் ஒலிக்கிறது. நான் "உதிரிக் கணக்கு" என்கிறேன். மாலையில் கோர்க்காத பூ உதிரிப்பூ. பேரேட்டில் எந்தப் பெயரோடும் கோர்க்காத விற்பனை உதிரி விற்பனை, வாங்குகிறவர் உதிரி வாங்குநர். "மாங்குளம் உதிரி", "கிளிநொச்சி உதிரி" என்று சின்னத் திரையிலும் அடங்கும். வாடிக்கையாளர் என்ற சொல் பெயர் பதிந்தவருக்கு மட்டும் இருக்கட்டும், அவர் காசுக்கு வாங்கினாலும் சரி.

தங்கச்சியிடம் காட்டினேன். "உதிரி எண்டால் பேர் இல்லாத ஆக்கள், அப்ப ஐயா இதுக்குள்ள வரமாட்டார்" என்றா.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு இதே மென்பொருள் போனால் "உதிரி விற்பனை" என்பதைப் பாகம் விற்றது என்று எடுத்துக்கொள்வார்களா? அந்தத் தொழிலில் இருப்பவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சொற்கோப்பை மூடுவதற்குள் திருத்திவிடலாம்.