செல்பேசிக் கேமராவால் வீராங்கனைகளின் முழங்கால் அசைவை எந்த அளவுக்கு நம்பி மதிப்பிடலாம்?

வியாசை_பயிற்சியாளர் (கேள்வி):

வணக்கம். வியாசர்பாடியில் 13 முதல் 16 வயது வரையிலான பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். கடந்த பருவத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தி, எதிரணியினர் யாரும் மோதாமலேயே, பந்தைத் தலையால் முட்டிவிட்டுத் தரையிறங்கிய மாத்திரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அண்மையில் ஒரு நிறுவனத்தார் எங்களைச் சந்தித்து, ஒவ்வொரு பிள்ளையும் குதித்து இறங்குவதை ஒரே செல்பேசியில் படம் எடுத்தால் போதும், தங்கள் செயலி மூட்டுகளைத் தானாகக் கண்டறிந்து, யாருக்குக் காயம் வரும் என்பதைச் சிவப்பு, பச்சை நிறங்களில் காட்டிவிடும் என்றார்கள். அவர்கள் கேட்கும் தொகை எங்களைப் போன்ற அணிக்கு மிகப் பெரியது. உடலில் ஒளி எதிரொளிக்கும் உருண்டைகளை ஒட்டிப் பல கேமராக்களால் பதிவுசெய்யும் ஆய்வகத்துக்கு எல்லாரையும் அழைத்துச் செல்லவும் இயலாது. செல்பேசியால் உண்மையில் எதை அளக்க முடியும், எதை முடியாது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தண்டையார்பேட்டை_இயன்முறை:

வணக்கம் சார். விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை அளித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சிவப்பு, பச்சை பற்றித்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஹியூவெட் என்பவரின் குழு 205 இளம் வீராங்கனைகளைப் பெட்டியிலிருந்து குதித்து இறங்கச் செய்து அளந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. பின்னர் ஏ.சி.எல். காயமடைந்த 9 பேருக்கு, தரையிறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சாயும் கோணம் மற்றவர்களைவிட 8 பாகை கூடுதலாக இருந்தது. காயம் வரப்போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவ இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆனால் 2016-இல் வெளியான நார்வே ஆய்வு, ஹேண்ட்பால் மற்றும் கால்பந்து வீராங்கனைகள் 700-க்கும் மேற்பட்டோரை இதே குதிப்பில் அளந்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. முழங்கால் உள்ளே நகரும் தூரத்துக்கும் காயத்துக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்ததே தவிர, இன்னாருக்குக் காயம் வரும், இன்னாருக்கு வராது என்று பிரிக்கும் அளவுக்கு எந்த அளவீடும் உதவவில்லை. ஆய்வகக் கேமராக்களும் தரையழுத்தத்தை அளக்கும் தட்டுகளும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு செல்பேசி செய்துவிடும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அதற்காகப் படம் எடுப்பதே வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு பிள்ளை எப்படி இறங்குகிறாள், பயிற்சிக்குப் பிறகு அது மாறியிருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்குச் செல்பேசி நல்ல துணை. 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து, தன் உயரத்தில் பாதி தூரம் முன்னே குதித்து இறங்கி, இறங்கிய உடனே முடிந்த மட்டும் மேலே எம்பும் சோதனை ஒன்று உண்டு. அதை முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில், பாதம் தரையைத் தொடும் கணத்தில் முழங்கால் விறைப்பாக இருக்கிறதா, அதன் பின் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். முன்பக்கப் படத்தில், முழங்கால் சில்லு பெருவிரலுக்கு நேராக நிற்கிறதா, அதைத் தாண்டி உட்பக்கம் போய்விடுகிறதா என்று பாருங்கள்.

முன்பக்கப் படத்தில் தெரியும் கோணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடை எலும்பு இடுப்பில் உள்நோக்கித் திரும்பி, அதே நேரத்தில் முழங்காலும் மடங்கியிருந்தால், மூட்டு பக்கவாட்டில் சாயாமலேயே சாய்ந்ததுபோல் படத்தில் தெரியும். ஒரே கதவு நேரே நின்று பார்த்தால் ஓர் அகலமாகவும் ஒதுங்கி நின்று பார்த்தால் வேறோர் அகலமாகவும் தெரிவதைப் போன்றதுதான் இது. எனவே செயலி காட்டும் எண்ணை மூட்டின் கோணமாகக் கொள்ளாமல், படத்தில் விழுந்த கோணமாக மட்டும் கொள்ளுங்கள்.

பெரம்பூர்_மென்பொருள்:

மேடம் சொன்னதோடு கேமரா தொடர்பான சிலவற்றைச் சேர்க்கிறேன். படங்களிலிருந்து உடல் அசைவைக் கணிக்கும் மென்பொருள்களோடு வேலை செய்பவன் நான்.

ஏ.சி.எல். காயம் நிகழ்ந்த விளையாட்டுக் காட்சிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள் தசைநார் கிழிந்திருக்கக்கூடும் என்கிறது. விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி கடந்துவிடுகிறது. அதாவது நாம் பார்க்க வேண்டிய நேரம் முழுவதும் ஓரிரு படங்களுக்குள் அடங்கிவிடும். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 படங்கள் எடுத்தால் அந்த 40 மில்லி விநாடிக்குள் ஏறக்குறைய 10 படங்கள் கிடைக்கும். ஆனால் அந்த வேகத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மாலை மங்கிய பிறகு மைதான விளக்கில் எடுத்தால், கால் தரையைத் தொடும் அந்தக் கணத்தில்தான் கணுக்கால் கலங்கலாகத் தெரியும். செயலி அந்தக் கலங்கலின் மேல் எங்கோ ஒரு புள்ளியை வைத்துவிட்டு, அதிலிருந்து கோணத்தைத் தசமத்தோடு கணக்கிட்டுத் தரும். காலை வெயிலில் எடுங்கள்.

செல்பேசியை ஸ்டாண்டில் பொருத்தி, முழங்கால் உயரத்தில், சாயாமல் நிறுத்துங்கள். புத்தகப் பையில் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு முறையும் கோணம் மாறும். ஸ்டாண்டின் கால்களும் பிள்ளைகள் இறங்கும் இடமும் எங்கே என்று தரையில் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். தொளதொளப்பான கால்சட்டை காற்றில் பறந்தால் இடுப்புப் புள்ளி துணியோடு சேர்ந்து நகரும். மீடியாபைப் போன்ற மென்பொருள்கள் எலும்பைப் பார்ப்பதில்லை, படத்தின் தோற்றத்தை வைத்தே மூட்டு இருக்கும் இடத்தை ஊகிக்கின்றன. உடலோடு ஒட்டிய விளையாட்டு உடையை அணியச் சொல்லலாம்.

ஒற்றைக் கேமரா செயலி காட்டும் முப்பரிமாண உருவத்தில் ஆழம் அளக்கப்பட்டதன்று; அதுவும் ஊகமே. உண்மையான முப்பரிமாண அளவு வேண்டுமானால் குறைந்தது இரண்டு கேமராக்கள் தேவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஓப்பன்கேப், இரண்டு ஐபோன்களைக் கொண்டு இதைச் செய்கிறது. 2023-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், உருண்டைகளை ஒட்டி எடுத்த அளவோடு ஒப்பிடும்போது மூட்டுக் கோணங்கள் சராசரியாக 4.5 பாகை வேறுபட்டன. அணியின் பயன்பாட்டுக்குக் கினோவியா என்ற இலவச மென்பொருளே போதும் என்பது என் கருத்து. அதில் படத்தை நிறுத்தி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் மேல் நாமே புள்ளி வைத்து அளக்கலாம்.

வியாசை_பயிற்சியாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நிறுவனத்தாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு ஒரு பிள்ளையின் கோணம் 3 பாகை குறைந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தண்டையார்பேட்டை_இயன்முறை:

அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது சார். ஒரே நாளில் ஒரே பிள்ளையைச் சில முறை குதிக்க விட்டு அளந்து பாருங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அந்தக் குதிப்புகளுக்குள் எவ்வளவு வேறுபாடு வருகிறதோ, அதைத் தாண்டிய மாற்றத்தை மட்டுமே முன்னேற்றமாகக் கருத வேண்டும். அளப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும்.

படத்தின் முடிவு எதுவானாலும், தடுப்புப் பயிற்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஃபிஃபா 11+ என்ற வெப்பமூட்டும் பயிற்சித் தொகுப்புக்கு 20 நிமிடம் போதும். பந்தைத் தவிர வேறு கருவி எதுவும் தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. தாங்கள் கொடுக்கவிருந்த தொகையைவிட இந்த 20 நிமிடம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.

ராயபுரம்_உடற்கல்வி_ஆசிரியை:

பெண் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகுகிறவள் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். உன் முழங்கால் சரியில்லை என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள் சார். அந்த வயதில் அப்படி ஒரு வார்த்தை மனத்தில் பதிந்துவிட்டால், பந்தை எடுக்க ஓடுவதற்கே தயங்குவார்கள். வீட்டிலும் விளையாட்டு போதும் என்று நிறுத்திவிடுவார்கள், நம் பகுதியில் அதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும். அதற்குப் பதிலாகப் படத்தை மெதுவாக ஓடவிட்டு, பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்தி, முழங்கால் எங்கே போகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் இறங்கு, முழங்காலை மடக்கி இறங்கு என்று சொல்லி மறுபடி குதிக்க வைத்தால், மாற்றத்தை அவர்களே பார்ப்பார்கள்.

மற்றொன்று, ஒட்டிய உடையில் பிள்ளைகளைப் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் அவசியம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தைகளே. இடுப்பு முதல் பாதம் வரை மட்டும் தெரியுமாறு எடுத்தாலே நமக்குப் போதும் என்பதால், முகம் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்ததும் எண்களை நோட்டில் எழுதிவிட்டு வீடியோவை அழித்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.