தங்கச்சி லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மட்டும் போதுமா, ரேமும் ஏத்தணுமா?

நண்பர்களே, வணக்கம். தங்கச்சி காலேஜ் வேலைக்கு வச்சிருக்கிற லேப்டாப் ரொம்ப இழுக்குது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தா டிஸ்க் 100%லயே நிக்குது. சிபியு 20%கூடத் தாண்டல. க்ரோம்ல ரெண்டு டேப் திறந்தாலே மவுஸ் அப்படியே உறைஞ்சு நின்னுடுது.

ஸ்டார்ட்அப்ல வேண்டாததை நிறுத்தியாச்சு, டெம்ப் ஃபைல் அழிச்சாச்சு. வைரஸும் இல்ல. கடையில ஃபார்மட் அடிச்சாப் போதும்ங்கிறாங்க. எனக்கு அதுல நம்பிக்கையில்ல, பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம்னு படுது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா அதைவிட வேகமான 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாத்தினா போதுமா, ரேமையும் 8 ஆக்கணுமா? ரெண்டுக்கும் சேர்த்துக் காசு இப்ப இல்ல, அதான் எது முதல்லன்னு கேட்கிறேன். பழைய டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே புதுசுக்கு குளோன் (முழு நகல்) பண்ணலாமா, விண்டோஸைப் புதுசா இன்ஸ்டால் பண்றது நல்லதா?

இன்னொண்ணு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, இந்த ப்ராசசர் விண்டோஸ் 11 ஆதரிக்கிற பட்டியல்லயும் இல்ல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போட்டா தமிழ் டைப்பிங், பிரின்டர் எல்லாம் சிக்கலில்லாம ஓடுமா? தினமும் பயன்படுத்துறவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும். அடுத்த மாசம் அவ ப்ராஜெக்ட் கொடுக்கணும்.